நெஞ்சில் வைத்த கை

பேஸ்பால் அம்பயர் இனகாகி முஷ்டியை ஓங்கி "அவுட்!" என்று கத்திய கத்தலில், தாமா ஆற்றின் கரைமேல் நடை போய்க்கொண்டிருந்த நாய்கூட நின்று திரும்பிப் பார்த்தது. கத்திய மறு நொடியே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓடிவந்தவன் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கினான், அங்கே காவல் நின்ற எதிரணிக்காரன் கையுறையால் அவனைத் தொட்டான், அதுவரை சரி. கையுறைக்குள் பந்து இருந்தால்தான் அவுட். இருந்ததா? காவல் நின்றவனின் பாழாய்ப்போன முதுகு மறைத்துவிட்டது. இரண்டடி தள்ளி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

நூடுல்ஸ் கடை அணி மூன்று, குழாய்க் கடை அணி இரண்டு. கடைசிச் சுற்றில் குழாய்க் கடைக்கு ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், ஓடிவந்த இவன் மூன்றாவது ஆள். இவனும் அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது, கோப்பை நூடுல்ஸ்காரர்களுக்கு. அவர்கள் குதிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பந்து கீழ விழுந்துச்சுய்யா! கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டது தூங்குறதுக்கா?" என்று குழாய்க் கடைப் பக்கமிருந்து ஒருவன் கூவினான்.

இனகாகிக்குச் சுருக்கென்றது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் உயிர். போன வருஷமே அவர்மேல் இரண்டு புகார். இன்னொன்று வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று லீக் செயலாளர் குவாபாரா சொல்லியே அனுப்பியிருந்தார். அதோ, வலைக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார்.

அடிப்பவனுக்குப் பின்னால் நின்ற இன்னொரு அம்பயர் ஹிசாயே முகமூடியைக் கழற்றியிருந்தாள். அவள் வலது கை நெஞ்சில் இருந்தது. 'நான் பார்த்தேன்' என்று அர்த்தம். அதற்கு மேல் அவள் ஒரு சொல் பேசக்கூடாது. தீர்ப்புச் சொன்னவர் கேட்டால்தான் கூட நிற்பவர் வாயைத் திறக்கலாம். கேட்காவிட்டால், தப்பானாலும் அதுதான் தீர்ப்பு.

திரும்பிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இனகாகி அவளை நோக்கி நடந்தார்.

"ஹிசாயே, எனக்குக் கையுறை மட்டும்தான் தெரிஞ்சுது. பந்து?"

"விழுந்துச்சு. அவன் அள்ளி உள்ள வச்சுக்கிட்டான். நீங்க நின்ன பக்கம் தெரிஞ்சிருக்காது." பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "நீங்களே சொல்லிடுங்க." முகமூடியை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

இனகாகி இரண்டு கைகளையும் அகல விரித்தார். "சேஃப்! பந்து விழுந்திருக்கு. நான் சொன்னது தப்பு."

நூடுல்ஸ் கடை முதலாளி பாய்ந்து வந்தார். "அந்தம்மா பேச்சைக் கேட்டுத்தானே மாத்துறீங்க?"

"நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க. தப்பு என்னோடது. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார், நன்றாகவே. அடுத்து வந்தவன் அடித்ததில் ஆட்டம் சமன். அதற்கடுத்தவனும் விளாச, குழாய்க் கடை ஜெயித்தது.

இனகாகி தானாகவே குவாபாராவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார். "கிழிச்சிடுங்க."

"எதுக்கு? அந்த ரெண்டு புகாரும் தப்பாச் சொன்னதுக்கா வந்துச்சு? ஒத்துக்காததுக்கு வந்துச்சு. அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வந்து சேருங்க."

ஹிசாயே கால்காப்பைத் தட்டித் தூசி உதறிக்கொண்டிருந்தாள். இனகாகி எதிரே போய் நின்றார்.

"போன வருஷமும் நீங்கதான் என்கூட நின்னீங்க. ரெண்டு தடவையும் நெஞ்சுல கை வச்சீங்க. பார்த்துட்டுதான் பார்க்காத மாதிரி இருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இன்னைக்கும் வச்சீங்க?"

"பின்ன? கூட நிக்கிறேன்ல."

இனகாகி இடுப்பு வளையக் குனிந்தார். கண்ணைத் துடைக்காமல் நிமிர முடியவில்லை.