ஒண்ணுமில்ல, குத்துங்க

இருபது வருஷமாகத் தையல் கடையில் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். இடது மணிக்கட்டு வலிக்கு அக்குபஞ்சர் நல்லது என்று நாத்தனார்தான் கூட்டிப் போனாள். மூன்றாவது ஊசி இறங்கியதும் நடுவிரல் நுனிவரை ஷாக் அடித்தது.

"வலிச்சா சொல்லிடுங்கம்மா" என்றார் வைத்தியர்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மீசைக்காரர் ஒற்றை ஊசிக்கே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசிக்குக் கத்தினால் நானெல்லாம் என்ன தையல்காரி? பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, குத்துங்க" என்றேன். வைத்தியர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

ஏழு மாதமாக அந்த விரல் மரத்தே கிடக்கிறது. நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இப்படித்தாம்மா" என்று கையை விரித்துவிட்டார். கேஸ் போடலாம் என்கிறாள் நாத்தனார். என்னவென்று போட? வைத்தியர் கேட்டார், நான்தான் பொய் சொன்னேன்.

இன்று வீம்புக்கு ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் பட்டன் தைத்தேன். கை பழையபடி ஓடியது. முடிச்சுப் போட்டு நூலை அறுத்தபோது, "அண்ணி, ரத்தம்!" என்று நாத்தனார் அலறினாள்.

சட்டையைத் தூக்கினேன். கையும் கூடவே வந்தது. பட்டனோடு சேர்த்து என் விரல் தோலையும் தைத்திருந்தேன்.