வீட்டிலேயே இருக்கும் மாப்பிள்ளை

“எனக்கு குலா வேணும்” என்றாள் ஹிபா.

மனைவி தன் வாயால் கேட்டு வாங்கும் மணவிலக்குக்கு அந்தப் பெயர். பூந்தமல்லியில் அந்தத் தெருப் பெண்கள் யாரும் நடுக்கூடத்தில் நின்று அதைக் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டு காட்டுப்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்ட மகளைச் சமாதானம் பேசத் திரும்ப அழைத்து வந்த அவளுடைய அத்தா முஸ்தகீம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடக் காதோடு காதாகச் சொல்லியிருந்தார்: “தனிக்குடித்தனம் கேளு. அவன் போனைப் புடுங்கச் சொல்லிக் கேளு. இன்னா வேணா கேளு. அந்த வார்த்தைய மட்டும் எடுக்காதம்மா.” ஸலாம் சொன்ன சூட்டோடு அந்த வார்த்தையைத்தான் எடுத்தாள்.

ஜமாஅத் செயலாளர் ஹாஜா மொய்தீன், உதடு வரை கொண்டுபோன டீ கிளாஸை அப்படியே இறக்கி வைத்தார். ஹிபாவின் கணவன் ஜமீர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பெரியவர்கள் முன்னால் மரியாதைக்காக செல்போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். ஆனால் கட்டைவிரல் சும்மா இல்லை. வெறும் தொடையின் மேல் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது.

“அல்லாவே” என்று மாமியார் ராபியா நெஞ்சில் கை வைத்தாள். “எம்புள்ள இன்னா குடிக்கிறானா? அடிக்கிறானா? வேற எவகூடயாவது சுத்துறானா? சொல்லச் சொல்லுங்க பாய். மூணு வேளையும் ஊட்லயே கீறான்.”

“அதான் மாமி பிரச்சனையே. ஊட்லயே கீறாரு.”

பெண் பார்க்க வந்தபோது இதுதான் அவனுடைய பெருமையாகச் சொல்லப்பட்டது. வீடு விட்டால் கம்பெனி, கம்பெனி விட்டால் வீடு. ஹிபா அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். பி.காம். முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்குப் பிரிவில் வேலை. “படிச்ச பொண்ணு, அனுசரிச்சுப் போகும்” என்றார் தரகர். படித்ததே அனுசரிக்காமல் இருக்கத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்தது. ஷிஃப்டுக்குப் போகாமல் போகாமல், ஒருநாள் திருமழிசைக் கம்பெனியே ஜமீரைப் போகச் சொல்லிவிட்டது. அதன்பிறகு அவனுக்குக் கட்டிலும் செல்போன் கேமும் சார்ஜரும் போதுமாக இருந்தன.

அவர்கள் குடும்பங்களில் புருஷனை மச்சான் என்று கூப்பிடுவார்கள். புதுப்பெண்ணாக அந்த வார்த்தையைச் சொல்லவே ஹிபாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்ப் பழகியபோது அது செல்லாக்காசு ஆகிவிட்டிருந்தது. “மச்சான், சிலிண்டர் வந்துருக்கு, ஒரு கை பிடிங்க” என்பாள். திரும்ப மாட்டான். “மச்சான், எனக்குக் குளிர் ஜுரம் மாதிரி இருக்கு” என்பாள். “இந்த மேட்ச் முடியட்டும்.” அதே நேரம் ஹெட்போனுக்குள்ளிருந்து, முகம்கூடத் தெரியாத எவனோ ஒருத்தன், “மச்சான், லெஃப்ட்ல வரான் பாரு” என்றால் போதும். “சொல்றா மச்சான், சொல்றா” என்று துள்ளி உட்காருவான். ஒரே வார்த்தை. எந்த வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் இருந்தது அதன் மவுசு.

ஹாஜா மொய்தீன் தொண்டையைச் செருமினார். “வெளையாட்டுதானேம்மா. எங்க ஊட்டுப் பசங்களும்தான் ஆடுதுங்க. இதுக்குப் போயி இவ்ளோ பெரிய வார்த்தையா?”

“போதைன்னு பேப்பர்ல எழுதறான் பாய்” என்றார் முஸ்தகீம், தரையைப் பார்த்துக்கொண்டு. மகளுக்காக அவரால் முடிந்த அதிகபட்சம் அதுதான்.

ஜமீருக்கு அது சுருக்கென்று தைத்தது. “போதை கீதைன்னுலாம் பேசாதீங்க மாமா. இது திறமை. இதுல போட்டி நடக்குது, கப்பு தராங்க. கேரம் ஆடுறவன யாராவது போதைன்னு சொல்றாங்களா?”

“கேரம் ஆடுறவனுக்கு யாரும் சோறு ஊட்டி விடறதில்ல” என்றாள் ஹிபா.



“ஊட்டி விடறதா?” என்றார் ஹாஜா மொய்தீன்.

ராபியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “ரெண்டு கையும் அதுல மாட்டிக்கினு கீது. புள்ள பசியோட கெடந்தா பெத்த வயிறு கேக்குமா?”

“கேக்காது. அதனால பெத்தவங்க ஊட்டினீங்க. நான் ஒண்ணும் சொல்லல. போன வாரம் பட்டாபிராம்ல மௌத்து விழுந்த ஊட்டுக்குப் போனப்ப என்கிட்ட தட்டக் குடுத்துட்டுப் போனீங்களே, அத சொல்லட்டா?”

சொல்லாதே என்பதுபோல அத்தா தலையை ஆட்டினார். ஹாஜா மொய்தீனைப் பார்த்து ஹிபா சொன்னாள்.

அன்று வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தவளிடம் தட்டு வந்தது. சோறும் தால்சாவும். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் திரும்பாமலே வாயைத் திறந்தான். ஏ.டி.எம்.மில் கார்டு போடும் ஓட்டை மாதிரி இருந்தது அந்த வாய். ஒரு கவளம் போட்டாள். மென்றான், மறுபடி திறந்தான். அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் ஒரு முழுப் பச்சை மிளகாயை எடுத்துவந்து அடுத்த கவளத்துக்குள் வைத்து ஊட்டினாள்.

“கடிச்சாரு. மென்னாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்குல ஒழுகுது. கை நிக்கல மாமா. தோள்லயே மூக்க தொடச்சிக்கினு ஆடுறாரு. இன்னொண்ணு வெச்சேன். அதுக்கும் வாயத் தொறந்தாரு. மேட்ச் முடிஞ்சப்புறம்தான் தண்ணி கேட்டாரு. எப்படிக் கேட்டாரு தெரியுமா? ‘அம்மா, தண்ணி குடும்மா’ன்னு கேட்டாரு. ஊட்டினது எந்தக் கைன்னுகூட தெரியல.”

“அடிப்பாவி” என்று ராபியா எழுந்தே விட்டாள். “எம்புள்ளைக்கு மொளகா குடுத்தியாடி? கேட்டீங்களா பாய்? வவுறு எரியுதுன்னு ரெண்டு நாளு மோரு மோரா குடிச்சானே, இதானா?”

“நான் நீ செஞ்ச தால்சாலதான் காரம் ஜாஸ்தின்னு நெனச்சேம்மா” என்றான் ஜமீர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

முஸ்தகீம் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஹாஜா மொய்தீன் முதன்முறையாக ஜமீரின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஹிபாவிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“ஒத்துக்கறேம்மா. இது போதைதான். அப்ப இது ஒரு நோயி. நோயாளிய விட்டுட்டுப் போனா ஆண்டவன் கேப்பானா இல்லையா? சப்ர் வேணும், பொறுமை. நீதான் தேத்தணும்.”

“சரி மாமா. போதை இல்லன்னா?”

“இல்லன்னா வெளையாட்டுதான். ஆம்பளப் புள்ள, போகப் போகச் சரியாயிடும். நீதான் பொறுத்துப் போவணும்.”

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு அது உறைக்கவில்லை. ஹிபாவுக்கு உச்சந்தலை கொதித்தது. போதை என்றால் அவள் நர்ஸ். போதை இல்லை என்றால் அவள் ஆயா. ஊரே கூடி எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் தட்டு அவள் கைக்குத்தான் வரும்.

“டேய், அந்த கேம இங்கயே அழிடா” என்றார் ஹாஜா மொய்தீன்.

ஜமீர் போனைத் திருப்பினான். அம்மாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் அழுத்தினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நடிக்கவில்லை என்று ஹிபாவுக்குத் தெரிந்தது. நிஜமாகவே வலிக்கிறது இவனுக்கு. அவள் சிலிண்டரை உருட்டியபோதும், ஜுரத்தில் கிடந்தபோதும் வராத வலி.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ராபியா. ஹாஜா மொய்தீன் அந்தப் போனை வாங்கி ஹிபாவிடம் நீட்டினார். “இந்தாம்மா. இனி இது உன் பொறுப்பு. நீ படிச்சவ. பாஸ்வேர்டு நீ வெச்சுக்க. அளவாக் குடு, நேரம் பாத்து வாங்கி வையி. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாத்துக்க. ஆறே மாசத்துல ஆளு மாறிடுவான்.”

“ஆமா ஹிபா” என்றான் ஜமீர். “நீயே வெச்சுக்க. நீ இருந்தா வுட்டுடுவேன். நீ போனீன்னா நான் திரும்ப ஆரம்பிச்சுடுவேன், சொல்லிட்டேன்.”

“அது உங்க பாடு.”

ஹாஜா மொய்தீன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் வாங்கவில்லை.

“மாமா, இவர டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க. நல்லது. மாமி கூடப் போகட்டும், நீங்க போங்க. போதையா இல்லையான்னு அந்த டாக்டர் சொல்லுவாரு. அவரு இன்னா சொன்னாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் கல்யாணம் பண்ணிக்கினு வந்தேன், காவலுக்கு வரல.”

கல்யாணத்தில் ஜமீர் மஹராகப் போட்ட, குலா கேட்பவள் திருப்பித் தரவேண்டிய வளையலைக் கழற்றி டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது உங்களுது. இவரு சம்மதிச்சா பள்ளிவாசல்ல முடிப்போம். சம்மதிக்கலன்னா கோர்ட்டு. வக்கீல பாத்துப் பேசிட்டுத்தான் வந்துருக்கேன்.”

“ஊர் சிரிக்கும்டி” என்றாள் ராபியா.

“சிரிக்கட்டும் மாமி. நான் இந்த ஊட்ல சிரிச்சே ரொம்ப நாளாச்சு.”

முஸ்தகீம் பாதி எழுந்து, ஹாஜா மொய்தீனைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். “ஹிபா, பேசிக்கினு இருக்கோம் இல்ல. எங்கம்மா கிளம்பிட்ட?”

“ஆபீஸுக்கு. அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கேன் அத்தா. சாயங்காலம் அம்பத்தூர் ஹாஸ்டலுக்குப் போறேன், அட்வான்ஸ் கட்டியாச்சு. நீங்க டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க.”

வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலாலேயே தள்ளி எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள். தெருமுனையில் அம்பத்தூர் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கையைக் காட்டிவிட்டு, நடையை எட்டிப் போட்டாள்.