பேசித் தீர்ந்த பெட்டரி

வட்டவளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்குக்குக் கைத்தொலைபேசியின் அலை எட்டுவதில்லை. ஆகவே, சென்ற மண்சரிவுக்குப் பிறகு நிவாரணக் குழுவொன்று இரண்டு வோக்கிடோக்கிகளைக் கொடுத்துச் சென்றது. ஒன்று ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கீழ்ப்பிரிவான கீக்கணக்கு ஆபீசில் கிளாக்கர் சண்முகராஜாவிடம் இருந்தது. மற்றது மேலே, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வினோதாவிடம். கொடுத்தவர்கள் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்கும்போது இந்தக் கருவி பெட்டரியை எறும்பைப் போலத் தின்னும். பேசும்போது யானையைப் போலத் தின்னும். குளிர் வந்தால் பெட்டரி இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வினோதா பாடத்தை மறக்கவில்லை. ஆனால் அன்று காலை, ஜெயலெட்சுமியின் மகளுக்கு, அவள் வாழ்க்கைப்பட்ட கீக்கணக்கில் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்ற செய்தி கருவியில் வந்தது. மழையால் வேலை நின்றிருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமே காம்பராவில் கூடிவிட்டது.

"மூக்கு யாரு மூக்குன்னு கேளு புள்ள!"

"அப்பன் மூக்கா இருந்தா மழைக்குக் குடையே வேணாம், அது போதும்!"

"தள்ளு தள்ளு, நானும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

நல்லது நடந்த வீட்டை விசாரிக்காமல் இருப்பது அந்த லயத்தில் யாருக்கும் வழக்கமில்லை. ஒவ்வொருவரும் பொத்தானை அமுக்கிச் சுகம் விசாரித்து, மறுமொழி கேட்டு மகிழ்ந்து, அடுத்தவர் கையில் கருவியைக் கொடுத்தார்கள். போதும் என்று சொல்ல வினோதாவுக்கு வாய் வரவில்லை. முந்தாநாளே கரண்ட் போயிருந்ததால் சார்ஜ் ஏற்றவும் வழியில்லை.

மத்தியானம் லயத்து மீனம்மா ஆற்றுப் பக்கமிருந்து நனைந்தபடி ஓடிவந்தாள்.

"புள்ள, பாலத்துல பாதிய ஆறு கொண்டுபோயிருச்சு! நம்ம பக்கத்துப் பாதி. அந்தப் பக்கம் பலகை அப்படியே நிக்குது. இந்தப் பனியில, வர்றவங்களுக்கு முழுப் பாலமாத்தான் தெரியும்."

வினோதா பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது, கருவி அணைந்தது. மீண்டும் போட்டாள். உயிர் வந்தது, கேட்பதற்கு மட்டும்.

"மேக்கணக்கு, கேக்குதாம்மா? ஏன் சத்தத்தையே காணோம்?" என்றார் சண்முகராஜா. அவருக்குப் பின்னால் இன்னொரு குரல் முந்திக்கொண்டு வந்தது. கீக்கணக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அவளுடைய கணவன் கஜேந்திரன்.

"வினோ, பெட்டரி முடிஞ்சுருச்சுன்னு நெனைக்கிறேன். பயப்படாத புள்ள. இங்க ஜெனரேட்டர்ல சார்ஜ் போட்டது ஒண்ணு இருக்கு. நானே எடுத்துக்கிட்டு வாரேன்."

"ஐயோ, வராதீங்க!" என்று அவள் அலறியது காம்பராவின் சுவர்களுக்கு மட்டுமே கேட்டது.

பெட்டரியைக் கழற்றிச் சேலைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சூடு பட்டால் கொஞ்சம் எழும்பும் என்று கருவியைக் கொடுத்தவர்கள் அன்று சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, பாப்பாவா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மறுபடி மாட்டியபோது விளக்கு எரிந்தது. ஆனால் சண்முகராஜா பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கருவியில் ஒருவர் பேசும்போது மற்றவருக்கு வழியில்லை.

"கஜேந்திரன் அப்பவே கெளம்பிட்டான்மா. ஒண்ணுக்கும் யோசிக்காத. புள்ளைங்க சாப்புட்டாங்களா? தைரியமா இரு, என்ன..."

அன்பான அந்த மனிதர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. அவருடைய ஒவ்வொரு ஆறுதலும், அவள் உடம்புச் சூட்டில் சேர்த்த சிறு இருப்பைக் கரைத்தது. கடைசியில் அவர் மூச்சுவிட விரலை எடுத்தார். அவள் அமுக்கினாள்.

"பாலம்..."

விளக்கு அணைந்தது. அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல யாருமில்லை.

பிள்ளைகளை மீனம்மாவிடம் விட்டுவிட்டுத் தேயிலைக்குள் குறுக்கே இறங்கி ஓடினாள். ஆற்றின் இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. தண்ணீரிலிருந்து எழுந்த பனி, பாலம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒன்றுபோல மூடியிருந்தது. எதிர்க்கரையில் ஒரு கறுப்புக் குடை அசைந்தது. அவன்தான். ஏற்கெனவே பலகையில் கால் வைத்திருந்தான்.

அவள் இரண்டு கைகளையும் வீசினாள். அவன் அவளைக் கண்டுகொண்டான். பெட்டரியை உயர்த்திக் காட்டினான். போ, போ என்று அவள் சைகை செய்தாள். அவள் என்னவோ சொல்கிறாள் என்று எண்ணி, காதருகே கையைக் குவித்தபடி இன்னும் ஓர் அடி முன்னே வந்தான்.

வினோதா குனிந்து கல்லை எடுத்தாள்.

முதற்கல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது குடையைக் கிழித்தது. அவன் திகைத்து நின்றான். மூன்றாவது தோளில் பட்டது; அவன் பின்வாங்கினான். அவன் வாய் கோபத்தில் திறந்து மூடியதைக் கண்டாள். என்ன திட்டினானோ தெரியவில்லை. பனி மேலும் இறங்கி அவனை மறைத்தது. திரும்பிப் போனானா, அங்கேயே நிற்கிறானா, மறுபடி வருகிறானா, ஒன்றும் தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே, அவன் நின்ற திசையை நோக்கிக் கல்லெறிந்துகொண்டேயிருந்தாள்.