யாரும் இறங்க வேண்டாம்

வெளுக்கும் முன்பே நெட்டையக்காவின் உள்ளங்கைகள் கன்றிப்போயிருந்தன. ஊர்க் கழிவுநீரெல்லாம் பம்ப் நிலையத்துக்குள் வந்து நுழையும் வாய்க்காலின் குறுக்கே இரும்புக் கம்பிச் சல்லடை நின்றது. அவளும் மற்ற இரவு ஷிஃப்ட்காரர்களும் அதில் சிக்கும் துணியையும் முடியையும் பிளாஸ்டிக் பைகளையும் நீண்ட வாருகோலால் இழுத்து மேலே போட வேண்டும். மதிலுக்கு அப்பால் கடல் இரைந்தது. காற்றில் உப்பும் அழுகலும் சேர்ந்து தொண்டையை அறுத்தன.

விடிகிற நேரத்தில் சல்லடையின் அடியில் என்னவோ வந்து அடைத்துக்கொண்டது. வாருகோல் அவ்வளவு ஆழம் எட்டவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

போன வாரம் இப்படித்தான் அடைத்தது. ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கிய அவள் கொழுந்தன் விஷவாயு தாக்கிப் பாதியிலேயே துவண்டு விழுந்தான். இடுப்பில் கயிறு இருந்ததால் உயிர் மிஞ்சியது. இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வாயு இருந்தால் அலறும் கருவியை, அது ஓயாமல் அலறி வேலையைக் கெடுக்கிறதென்று கான்ட்ராக்டர் முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

தகவல் போனதும் காரில் வந்திறங்கினார் அவர். கூடவே ஒரு புது ஆள்.

"இன்னுமா யாரும் இறங்கல?"

"அந்த அலறுற மெஷினைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுங்க சார். உள்ள காத்து சரியா இருக்குன்னு தெரிஞ்சா இறங்குறோம்," என்றாள் நெட்டையக்கா.

"அது ரிப்பேர்ல இருக்கு. அதுவரைக்கும் சாக்கடை நின்னு காத்திருக்குமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இது எதுத்து ஏறினா முதல்ல எங்க பொங்கும்? உங்க தெருவுல. உன் வீட்டு அடுப்படியில."

அது பொய்யில்லை. ஊரிலேயே பள்ளமான தெரு அவர்களுடையது. மகள் இந்நேரம் பள்ளிக்குத் தலை சீவிக்கொண்டிருப்பாள். நெட்டையக்காவின் கண் தானாக ஏணிப் பக்கம் போயிற்று.

அதைப் பார்த்துவிட்ட பம்ப்காரர் ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருபது வருஷமாக யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷர்.

"வேண்டாம்மா. அவனும் ரெண்டு நிமிஷம்னுதான் இறங்கினான்."

கான்ட்ராக்டர் புது ஆளிடம் திரும்பினார். "நீ இறங்குப்பா. இவங்க வீட்டுக்குப் போகட்டும்."

"தம்பி, போன வாரம் இதே குழியிலதான் என் கொழுந்தன் விழுந்தான். உன்கிட்ட சொன்னாங்களா?"

புது ஆள் கான்ட்ராக்டரைப் பார்த்தான். "அடைப்பு எடுக்கணும்னு மட்டும்தானே சொன்னீங்க?"

அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

இரவு ஷிஃப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பம்ப்காரர் இரண்டு இரும்புக் குழாய்களை வாருகோலோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். நாலு பேர் பிடித்தால்தான் அசைந்தது.

"மேலேருந்தே வாருவோம்," என்றாள் நெட்டையக்கா. "யாரும் இறங்க வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் கான்ட்ராக்டர்.

"மெஷின் வர்ற வரைக்கும்."

"ஆபீசர்கிட்ட சொல்லி எல்லாரையும் மாத்திடுவேன்."

"கூட்டிட்டு வாங்க சார். அவர்கிட்டயும் இதையேதான் சொல்வோம்."

காரின் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. கோல் இறங்கி, கம்பியை உரசி, மூன்று முறை வெறுமனே ஏறியது. நாலாவது முறை கனத்தது. சேறு சொட்டச் சொட்ட ஒரு கிழிந்த மெத்தையின் பாதி மேலே வந்தது. மறுபாதி உள்ளேயே இருந்தது. தண்ணீர் இறங்கவில்லை, ஏறுவது மட்டும் மெதுவானது.

பகல் ஷிஃப்ட்காரர்கள் வாசலில் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். புது ஆள் காரில் ஏறிப் போயிருக்கவில்லை.

"அக்கா, நான் எங்க பிடிக்கட்டும்?"

நெட்டையக்கா ஓரடி முன்னே நகர்ந்து இடம் விட்டாள்.

"எனக்குப் பின்னாடி. காலை நல்லா ஊனிக்க."