பழனிக்குப் போனவர்கள்

சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறி ஆனந்தகுமாரின் கழுத்தில் முடிச்சுப் போடும்போது அனுப்பிரியாவின் கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது. திரையில் பூபதிராஜாவின் பெயர். ஆனந்தகுமாரின் அக்கா வீட்டுக்காரர்.

"எடுத்துப் பேசு," என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "உடுமலை வந்தாச்சுன்னு சொல்லு."

அவள் வெளியே வந்து, பக்கத்துக் கடைச் சுவரோரம் ஒதுங்கினாள். பெருந்துறை பைபாஸில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் போனில் கேட்டால் கேட்கட்டும். உடுமலையிலும் லாரி ஓடும்.

"அம்மிணி, எங்கதான் இருக்கீங்க? பழனியில இருந்து ரெண்டரை மணி நேரத்துல வந்தர்லாம். ஊர்ந்துக்கிட்டு வாரீங்களா?"

"வண்டி பஞ்சருங்கண்ணா. உடுமலையில நிக்கறோமுங்க."

"ஸ்டெப்னி இல்லியா?"

"அதுலயும் காத்து இல்லீங்கண்ணா."

அந்தப் பக்கம் யாரோ ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பது கேட்டது. "நல்ல வண்டியாப் புடிச்சீங்க போங்க. அஞ்சு மணிக்குள்ள எடுத்தாகோணும். ஐஸ் பொட்டி கொண்டாந்து வெச்சிருக்குது. அத்தை பச்சைத் தண்ணி பல்லுல படாம ஒக்காந்திருக்கறாங்க. மாப்ளைக்கு மொட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

உள்ளே அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பழனிக்குப் போகவில்லை. பெங்களூருக்குப் போயிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரப்பில் டிராக்டர் கவிழ்ந்து ஆனந்தகுமாரின் தலை உடைந்தபோது, பிழைத்தால் பழனியில் முடி இறக்குவதாக அவன் அம்மா மருதாத்தாள் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் பாக்கி நின்றது. அனுப்பிரியாதான் அதில் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். கேரள எல்லையில் இருக்கும் பெருமாட்டியில் அந்த வீட்டை விட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகள் இல்லாமல் வெளியே போக நான்கு காரணங்கள்தான் உண்டு. கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு. சும்மா போகிறோம் என்பது காரணமே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர்கள் சும்மா எங்கும் போனதில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பி பெங்களூர், சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு காலையில் பழனி, மொட்டை, பஞ்சாமிர்தம், சாயங்காலம் வீடு. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது வசதியாகப் போயிற்று. வீட்டில் சொன்னது வேறு. சனிக்கிழமை காலையில் பழனியில் மொட்டை, அப்படியே மதுரை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம் என்று. உண்மை தெரிந்த ஒரே ஆள் கடைவீதியில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷஹீர். ரூம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

கிளம்பும்போது மாமனார் காளிச்சாமி வாசலில் நின்று மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். "போங்க போங்க. பால் கறக்கறத நான் பாத்துக்கறேன். எனக்கென்ன கையி இல்லியா?" என்றார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதுவும் பேசவில்லை. பேச வேண்டி வரவும் இல்லை.

இன்று, சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஷஹீர்தான் முதலில் கூப்பிட்டான். அப்பா தொழுவத்தில் சாய்ந்துவிட்டார், வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை என்றான். ஆனந்தகுமார் ஹோட்டல் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த நிமிஷம் பூபதிராஜாவின் அழைப்பு வந்தது. எடுக்கப் போன கையை அனுப்பிரியாதான் பிடித்தாள்.

"இப்ப எடுத்தா, உடனே கெளம்பு, பதினோரு மணிக்கு இங்க இருக்கோணும்னுவாங்க. நம்மால முடியாது. மலைமேல போன் உடமாட்டாங்க, கீழயே குடுத்துட்டுப் போயிட்டோம்னு சொல்லிக்கலாமுங்க."

தான் அத்தனை வேகமாக யோசித்தது அவளுக்கே பிடிக்கவில்லை. பெங்களூரில் பிடித்த வாடகைக் காரில் ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரி தாண்டிப் பதினோரு மணிவரை அந்தப் போன் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "இப்பத்தான் மலை எறங்குனோம்" என்று கூப்பிட்டுச் சொன்னான். அழுதான். அந்த அழுகை நிஜம்.

சலூனுக்குப் பக்கத்திலேயே பூஜைச் சாமான் கடை இருந்தது. சந்தனப் பொடி ஒரு டப்பாவும் மஞ்சள் துண்டு ஒன்றும் வாங்கினாள். கடைக்காரி, "பழனிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அனுப்பிரியா.

அவள் வருமுன் ஆனந்தகுமார் காரில் ஏறி, கர்ச்சீப்பால் முகத்தை மூடிச் சாய்ந்திருந்தான். கார் நகர்ந்தது. தண்ணீர் பாட்டில் மூடியில் சந்தனத்தைக் குழைத்து அவன் தலையில் பூசத் தொடங்கினாள். காதுக்கு மேலே விரல் தடுக்கியது. டிராக்டர் கவிழ்ந்தபோது போட்ட தையல், பூரான் மாதிரி நீளமாகக் கிடந்தது. இத்தனை நாள் முடிக்குள் இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். அதன்மேல் சந்தனம் சரியாக ஒட்டவில்லை. டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தான்.

"திரும்புங்க. நெத்திப் பக்கம் பூசோணும்."

கர்ச்சீப்பை எடுத்துத் திரும்பினான். அவள் கை நின்றது.

"ஏனுங்க. மீசை?"

அவன் மேலுதட்டைத் தடவினான். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"மீசையும் எடுக்கட்டுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கப்பன் செத்துட்டாருன்னு சொன்னேன்."

அவள் டப்பாவை மூடினாள். அந்தக் குடும்பத்தில் சாமிக்குக் கொடுப்பது தலைமுடி மட்டும். மீசை போவது பெற்றவர்கள் செத்தால்தான். காளிச்சாமி மூன்று முறை பழனியில் முடி இறக்கியவர். கூடத்துச் சுவரில் மூன்று போட்டோவும் மாட்டியிருக்கிறது. மூன்றிலும் மொட்டைத் தலை, மூன்றிலும் மீசை. காலையில் விஷயம் தெரியாமல் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு மீசை இருக்க வேண்டும்.

"இப்ப என்ன ஒட்டவா முடியும்?" என்றான் அவன்.

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமே ஷஹீர் தன் காரோடு நின்றிருந்தான். கர்நாடக நம்பர் போட்ட வண்டி வீட்டு வாசலுக்குப் போக முடியாது. பையை மாற்றி வைத்துவிட்டு ஆனந்தகுமாரைக் கட்டிக்கொண்டவன், விலகி முகத்தைப் பார்த்தான்.

"எடா, மீசை எங்கடா?"

ஆனந்தகுமார் குனிந்து காருக்குள் ஏறினான்.

"எனக்கே தெரியுது. உங்கம்மாக்குத் தெரியாதா?" என்றபடி வண்டியைக் கிளப்பினான். பிறகு, கேட்காமலே சொன்னான். "பாலை முழுசாக் கறந்துட்டுத்தான் சாஞ்சிருக்காரு. பாத்திரம் கவுழலை. உன் மக தமிழ்ப்ரியாதான் பாத்துட்டு ஓடி வந்தா. அந்தப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோறதா வேண்டாமான்னு ஒரு மணி நேரம் பேசிட்டு நின்னாங்க."

"கொண்டுபோனாங்களா?" என்றான் ஆனந்தகுமார்.

"இல்ல. அப்படியே இருக்குது."

தென்னந்தோப்புக்குள் வண்டி திரும்பியதும் ஆட்கள் தெரிந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், நீலத் தார்ப்பாய். தமிழ்ப்ரியா ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பாரு தொழுவத்துல கண்ணைத் தொறந்துட்டே இருந்தாரும்மா," என்றாள். அனுப்பிரியா அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் கணவன் போகும் பக்கமே இருந்தது.

மருதாத்தாள் ஐஸ் பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகன் மடியில் விழுந்ததும் இரண்டு கையாலும் மொட்டைத் தலையைப் பிடித்தாள். "முருகா, இவன் தலைய வாங்கிக்கிட்டு அவரு தலையவும் எடுத்துக்கிட்டயே," என்று குரலெடுத்தாள். கை தலையிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. கட்டைவிரல் மேலுதட்டில் பட்டது. அங்கேயே நின்றது. குரலும் நின்றது.

அவள் மகனைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, வாசற்படியில் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

பூபதிராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "ஏன் மாப்ள, மீசையுமா எடுத்துட்ட? நாங்க தாக்கல் சொல்றதுக்கு முன்னயேவா?"

சுற்றியிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். அனுப்பிரியா பதினோரு வருஷம் ஒழுங்காக இருந்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில் போய்விடும். அப்பன் பால் கறந்து சாகக் கிடக்க, புருஷனை ஊர் சுற்ற இழுத்துக்கொண்டு போனவள், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு போனவள். பொய் சொன்னதால்தான் போனார் என்பார்கள். அவள் செத்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"நான்தான் வேண்டியிருந்தேன்," என்றாள் மருதாத்தாள்.

"என்னங்கத்தை?"

"டிராக்டரு கவுந்தன்னைக்கு. மீசையோட சேத்துத் தாரேன்னு வேண்டியிருந்தேன். ஒனக்கு என்ன தெரியும்? போயி ஆகவேண்டியதப் பாரு. நேரமாகுது."

குரலில் ஈரமே இல்லை. பூபதிராஜா தலையாட்டிவிட்டுப் பாடை கட்டுகிறவர்கள் பக்கம் போனார்.

ஐந்து மணிக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டில் சவரக்காரருக்கு இன்று வேலை இருக்காது என்று நினைத்தாள் அனுப்பிரியா. பறைச் சத்தம் வாய்க்கால் தாண்டிப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். நாத்தனார் மயங்கி உள்ளே படுத்திருந்தாள். மருதாத்தாளைக் குளிக்க வைக்க வேண்டியது மருமகள்தான்.

மோட்டார் ரூமை ஒட்டிய தொட்டியடியில் கல்மேல் அவளை உட்கார வைத்தாள். தண்ணீர் வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. தொழுவத்துத் திண்டில் காலைப் பால் பாத்திரம், மேலே தட்டு மூடியபடி, அங்கேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு செம்பு ஊற்றினாள். இரண்டு. மூன்றாவது மொள்ளும்போது மருதாத்தாள் திரும்பாமலே கேட்டாள்.

"எந்த ஊரு?"

செம்பில் தண்ணீர் ததும்பியது.

"பெங்களூருங்க."

"மீசைய எடுக்கச் சொன்னது நீயா, அவனா?"

"அவருதானுங்க. நான் பாக்கலீங்க."

முதுகு அசையவில்லை. எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது.

"அங்க என்ன பாத்தீங்க?"

"மெட்ரோ ரயில்ல போனோமுங்க. அந்தக் கடைசி வரைக்கும் போயி, அப்பறம் இந்தக் கடைசி வரைக்கும்."

"எங்கயும் எறங்கலியா?"

"இல்லீங்க. ஒக்காந்தே இருந்தோமுங்க."

மாடு ஒன்று கத்தியது. கறக்கும் நேரம் தாண்டியிருந்தது. மருதாத்தாள் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பி, மறுபடி நேராக்கிக்கொண்டாள்.

"முடி வளரட்டும். வளந்ததும் பழனிக்குப் போயிட்டு வந்துருங்க. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு."

"செரிங்கத்தை."

"ஊத்து."

ஊற்றினாள். முதுகைத் தேய்த்துவிட்டபோது அவள் நகக்கண்ணிலிருந்த சந்தனம் நனைந்து, கிழவியின் தோளிலிருந்து இடுப்புவரை மஞ்சளாக ஒரு கோடு இழுத்தது. அடுத்த செம்பில் அது போகவில்லை, பரவியது. அனுப்பிரியா இன்னொரு செம்பு மொண்டாள்.