சுவிட்சைப் போட்ட கை

ஐப்பசி மழையில் காற்று ஈரமானால் பட்டு நூல் பிடிவாதம் பிடிக்கும். அதற்காகவே ஏலவார்குழலி தன் தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தாள். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அந்தச் சூடு வேண்டும். எங்கே தொங்கவிட்டாள் என்கிறீர்கள்? தறியின் மேல் சட்டத்திலேயேதான். கைக்கு எட்டுமாம், வசதியாம்.

அந்தப் பல்பு வாரத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் தில்லையம்மாள் சுவிட்சைப் போடும்போதுதான் போகும். கரை வேறு, உடல் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். கரை நூலைச் சுமக்கும் நாடாவைக் குறுக்கே எறிய, பதினெட்டு வருஷமாகச் செவிலிமேட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவள் தில்லையம்மாள். டீ குடிக்க எழுந்தால், "சும்மா எரிஞ்சிக்கினு இருக்குது பாருக்கா" என்று அணைப்பாள். திரும்பி வந்து போடுவாள். 'டிக்' என்று ஒரு மின்னல், அவ்வளவுதான்.

நாலாவது பல்பு போன அன்று, கல்யாணச் சேலை பாதியில் நிற்கிற எரிச்சலில் ஏலவார்குழலிக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"உன் கை ராசியே அப்படித்தான் தில்ல. நீ தொட்டது எது நிலைச்சுது?"

தாலி கட்டிய ஒரே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் தில்லையம்மாள். மாமியார் வீடு அவளைத் துரத்தியதும் இதே ராசியைச் சொல்லித்தான். அதை அவள் அழுதுகொண்டே சொன்னது ஏலவார்குழலி ஒருத்தியிடம் மட்டும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தில்லையம்மாள் நாடாவை ஓரமாக வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏலவார்குழலி தன் வீட்டுக்காரர் குமரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்தாவது பல்பின் கீழே நெய்தாள். கரை கோணியது. ஆறாம் நாள் காலையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவளே சுவிட்சைப் போட்டாள். டிக். தன் விரலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அவள் கூப்பிட்டனுப்பிய வயர்மேன் பழனி வந்து, போன பல்பைக் காதருகே ஆட்டினான்.

"கண்ணாடி கறுக்கவே இல்ல பாருக்கா. வயசாகிப் போன பல்புன்னா உள்ள கறுத்திருக்கும். இது ஆடியே செத்துது. நூலை நெருக்க நீ அச்சு அடிக்கிற ஒவ்வொரு அடியும் சட்டத்துல ஏறி இதைத்தான் உலுக்குது. சூட்டுல இருக்கிற கம்பி தாங்குமா?"

"அப்ப ஏன் சுவிட்சு போடும்போதே போவுது?"

"ஆறின கம்பில கரண்டு ஒரேயடியா பாயும்க்கா. முன்னாடியே இத்துப்போன இடம் அப்பதான் அறுந்துக்கும். போட்டவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாளெல்லாம் உலுக்கியது இவள் கை, பழி சுமந்தது அவள் கை. வெட்கம் ஏலவார்குழலியைப் பிடுங்கித் தின்றது. பழனி வயரை உத்தரத்துக்கு மாற்றிக் கட்டியதும் செவிலிமேட்டுக்குப் பஸ் ஏறினாள்.

"பல்பைக் கெடுத்தது நான்தான் தில்ல. பழனி சொல்லிட்டான்."

"பழனி சொல்லலன்னா?" என்றாள் தில்லையம்மாள், வாசலில் நின்றபடியே.

ஏலவார்குழலி வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

மறுநாள் காலை தில்லையம்மாள் வந்தாள். கல்யாண வீட்டுச் சேலைக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தாள். சுவிட்சுப் பக்கம் மட்டும் கை போகவில்லை.

"நீயே போடுக்கா."

"இல்ல, நீ போடு."

தில்லையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள்.

டிக்.

புத்தம் புதுப் பல்பு. பெட்டியிலிருந்தே மெலிந்த கம்பியோடு வருகிற பல்பும் உண்டு. ஆனால் அந்த நிமிஷத்தில் அது யாருக்குத் தோன்றும்? தில்லையம்மாளின் முகம் செத்துவிட்டது. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் ஏலவார்குழலியின் வாயையே பார்த்தாள்.

ஏலவார்குழலி தறிக்குழியிலிருந்து எழுந்தாள். அந்தக் கையோடு சேர்த்துச் சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலில் ஏறி வேறொரு பல்பை மாட்டினாள்.

"போடு தில்ல."

"அக்கா..."

"இதுவும் போனா இன்னொண்ணு இருக்குது. நான் பழனிய கூப்பிட மாட்டேன். போடு."