பந்தல் அளவுக்குப் பச்சை

பெரிய அதிகாரி போன வருடம் தன் கையால் நட்ட கன்று செத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது. அவரைத் தவிர அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும். நாளைக் காலை அவர் அந்தக் கன்றின் முதல் பிறந்தநாளுக்கு வருகிறார்.

அந்த மலையைப் பார்த்துக்கொள்ளும் வனக்காவலருக்குக் கன்றைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கவலையெல்லாம் மேல் சரிவு. சென்ற மாதம் தீ வந்து அங்கிருந்த புதர்களைக் கரிக்குச்சியாக்கிவிட்டுப் போயிருந்தது. நாளைக்கே பொக்லைன் ஏறி வேரோடு வாரப்போகிறது.

போன வருடம் கீழ்ச் சரிவு எரிந்தபோதும் இதே கூத்துதான். கார் கண்ணாடியைக்கூட இறக்காமல், "எல்லாம் செத்துப்போச்சு, வாரிடுங்க" என்றார் அதிகாரி. இவள் கத்தியால் மண்ணைச் சுரண்டிக் காட்டினாள். "அடியில உசுரு இருக்கு சார்."

"ஏம்மா, பொணத்துக்கு நாடி பாக்குறியா?" என்றார் அவர். அலுவலகமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'வைத்தியர்'.

அந்தப் புதர்களுக்கு நெருப்பு ஒன்றும் புது விருந்தாளி இல்லை. மேலே எரிந்தால் எரியட்டும் என்று, மண்ணுக்கடியில் கிழங்குபோல் தடித்த அடிவேரில் மொட்டையும் தீனியையும் பதுக்கி வைத்திருக்கும். சிலவற்றின் விதைக்கு ஓடு அத்தனை கெட்டி. சூடு பட்டால்தான் அசையும், அலுவலகத்தில் சிலரைப் போல.

அப்போது கீழ்ச் சரிவில் வேரையெல்லாம் வாரிவிட்டு நாலாயிரம் சீமைக் கன்றுகளை நட்டார்கள். இரண்டு மாத வெயிலுக்குள் நாலாயிரமும் கண்ணை மூடின. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பச்சை. அதிகாரி கன்று நட்ட விழாவுக்குப் பந்தல் போட்டிருந்ததால் அங்கே பொக்லைன் போகவில்லை. பந்தல் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, கத்தரித்து வைத்த மாதிரி, நாட்டுப்புதர்கள் இடுப்பு உயரம் நின்றன.

பிறந்தநாளுக்கு முந்தின மாலையில் அலுவலக எழுத்தர் பையில் ஒரு புதுக் கன்றோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். "வைத்தியரே, செத்ததப் புடுங்கிட்டு இத வெச்சிரும்மா. இல்லன்னா என் தலை உருளும்."

அவள் காய்ந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். புதுக் கன்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நாளைக்கு இந்தப் பச்சையைச் சாட்சி வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்பது அவள் முடிவு.

மறுநாள் பதினோரு மணிக்குப் பரிவாரத்தோடு அதிகாரி வந்தார். மேல் சரிவின் அடியில் பொக்லைன் உறுமிக்கொண்டு நின்றது. தன் பெயர்ப் பலகைக்குப் பின்னால் அடர்ந்து நின்ற புதரைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"வந்துடுச்சுய்யா என் கன்னு! ஒண்ணுதானே நட்டேன்? இவ்வளவா?"

"கைராசி சார்," என்றார் எழுத்தர்.

"இலை அப்ப அகலமா இருந்துச்சே?"

எழுத்தர் வனக்காவலர் பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் தப்பைச் சுட்டிக் காட்டியவரை இந்த மனிதர் மன்னித்ததாகச் சரித்திரமே இல்லை. பத்துப் பேர் முன்னால் முகம் கறுத்தால், வீம்புக்காகவே பொக்லைனை ஏற்றுவார். அவள் மேல் சரிவைப் பார்த்தாள். உண்மையை விழுங்கினாள். கசந்தது.

"மலைக்காத்துக்கு இலை அடங்கிப்போச்சு சார்."

"மத்த இடத்துல ஏன் வரல?"

"அங்கெல்லாம் பந்தல் போடல சார்."

அதிகாரி தாடையைத் தடவினார். "அப்ப மேல் சரிவுலயும் பந்தல் போட்டா?"

"முழுப் பந்தல்கூட வேணாம் சார். சுத்திக் கம்பு நட்டுக் கயிறு கட்டினாப் போதும். ஆனா கயித்துக்குள்ள மெஷின் வரக்கூடாது. போன தடவை பந்தலுக்குள்ள வரலையே!"

"இதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் அதிகாரி. பொக்லைன் வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது.

ஒரு மழைக்கே மேல் சரிவு துளிர்த்தது. அடுத்த வருடம் 'பந்தல் முறை'யைக் கண்டுபிடித்ததற்காக அதிகாரிக்குக் கேடயம் கிடைத்தது. எரிந்த மலைகளுக்கெல்லாம் சுற்றறிக்கை பறந்தது. எந்தப் பைத்தியக்காரன் யோசனை இது என்று திட்டிக்கொண்டே காவலர்கள் கம்பு நட்டார்கள். கயிற்றுக்குள் மலைகள் தழைத்தன.

கேடயம் கொடுத்த விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அன்று அவள் மேல் சரிவில் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பொக்லைன் ஓட்டுநர் வந்து நின்றான்.

"அக்கா, கேடயம் அவருக்காம். உங்களுக்கு வயிறு எரியலையா?"

"எரியாம? பத்திக்கிட்டு எரியுது," என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.